நிற்கிறவர்களுக்கும் ஒரு கூரை

டார்ட்முண்ட்,
3 மார்ச் 2008

அன்புள்ள ஹெடி,

கையெழுத்தைப் பார்த்ததுமே கடிதத்தைக் குப்பையில் போட்டுவிடாதே. முழங்கால் எப்படி இருக்கிறது? எனக்கு எழுபத்தாறு ஆகிறது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பதுபோல் நடிக்கிறேன்.

ஹாட்டர்பெக் ஸ்டேடியத்தை ஜூனில் இடிக்கப்போகிறார்கள். நம் முதல் ஸ்டேடியம். அதற்குப் பிறகு ஒன்பது கட்டிவிட்டேன், பாலைவனத்தில்கூட ஒன்று. ஆனாலும் கண்ணை மூடினால் அதுதான் வருகிறது. நாம் அதை வரைந்த அந்தப் பரண் அறை, உன் வரைபலகைக்குப் பக்கத்தில் ஒழுகலுக்கு வைத்த வாளி! ஊருக்கெல்லாம் கூரை போடக் கிளம்பியவர்கள் நாம். தப்பாக விழுந்த மைக்கோட்டைப் பிளேடால் சுரண்டும்போது நீ மூச்சைப் பிடித்துக்கொள்வாய். பார்த்துக்கொண்டிருக்கும் நானும் பிடித்துக்கொள்வேன். மத்தியானம் உருளைக்கிழங்கு சூப், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஸாசேஜ். அவ்வளவு சந்தோஷமாக அப்புறம் நான் இருந்ததே இல்லை, ஹெடி.

மே 17 அங்கே கடைசி கால்பந்து ஆட்டம். கட்டியவன் என்று எனக்கு மரியாதை செய்கிறார்களாம். பக்கத்து நாற்காலியை உனக்கென்று சொல்லிவைத்திருக்கிறேன். வருவாயா?

உன் பழைய
ஃபோல்க்மார்


ப்ரேமன்,
11 மார்ச் 2008

ஃபோல்க்மார்,

முழங்கால் பரவாயில்லை. கோபமும் குறைவில்லாமல் நன்றாகவே இருக்கிறது.

அடேயப்பா, பிளேடெல்லாம் ஞாபகம் இருக்கிறதா! அதை வைத்து எதைச் சுரண்டினாய் என்று ஞாபகம் இருக்கிறதா? ஸ்டேடியத்தை வடிவமைக்கும் போட்டிக்கு அனுப்பும் வரைபடத்தில் பெயரே இருக்கக்கூடாது, ஆறு இலக்க எண் மட்டும்தான். நான் பழக்கதோஷத்தில் மூலையில் என் பெயரைப் போட்டுவிட்டேன். நீ சுரண்டினாய். சரி, விதி அப்படி. பரிசு கிடைத்ததும் அதே இடத்தில் உன் பெயரை மட்டும் எழுதினாயே, அது எந்த விதி?

போட்டி நடத்தியவர்கள் கேட்டது உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு மட்டும் கூரை. "நிக்கிறவன் என்ன கரைஞ்சா போயிடுவான்?" என்று நீயும் சிரித்தாய். என் அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து நேரே வந்து, பழைய மைதானத்தில் நின்று பார்க்கும் படிகளில் இருபது வருஷம் நனைந்தவர். அவருக்காகத்தான் கூரையை அந்தப் பக்கமும் நீட்டினேன். பரிசு கிடைத்ததே அதற்காகத்தான். திறப்பு விழாவில் அப்பா மேலே அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை நல்லா யோசிச்சிருக்காரும்மா" என்றார். அவர் உண்மை தெரியாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்.

கூரை என்னுடையது என்று ஊரறியச் சொல். நாற்காலியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

ஹெட்விக் லிண்டெமான்


டார்ட்முண்ட்,
2 ஏப்ரல் 2008

அன்புள்ள ஹெடி,

ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். நீ சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் இந்த வயதில் இதைச் சொன்னால், என்னிடம் படித்த பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? மற்ற ஒன்பதும் யாருடையதோ என்று கேட்கமாட்டார்களா? உயிலில் எழுதிவைத்துவிடுகிறேன். நான் போன பிறகு எல்லாருக்கும் தெரியட்டும். அது போதாதா?

ஃபோல்க்மார்


ப்ரேமன்,
7 ஏப்ரல் 2008

போதாது. நீ செத்த பிறகு சொல்லும் உண்மையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? இனி எனக்கு எழுதாதே.

ஹெட்விக் லிண்டெமான்


ப்ரேமன்,
18 மே 2008

அன்புள்ள ஃபோல்க்மார்,

வரக்கூடாது என்றுதான் இருந்தேன். நேற்றுக் காலை மனசு கேட்கவில்லை, ரயிலேறிவிட்டேன். நின்று பார்க்கும் படிகளுக்குத்தான் டிக்கெட் வாங்கினேன். மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. எங்கள் தலையில் ஒரு சொட்டு விழவேண்டுமே!

எப்போதும்போல அறிவிப்பாளர் ஒவ்வொரு ஆட்டக்காரனுக்கும் முதல் பெயரைச் சொல்ல, கூட்டம் குடும்பப் பெயரைக் கத்தியது. பிறகு உன் முறை வந்தது, உன் பெயரையும் அப்படியே முழங்கினார்கள். நீ அவர் கையிலிருந்து மைக்கை வாங்கினாய். உன் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதே இல்லை. "இந்தக் கூரை என்னோடது இல்லை. என் மனைவியா இருந்தவளோடது. முப்பத்தஞ்சு வருஷமா பொய் சொல்லிட்டேன். அவ பேரு ஹெட்விக்!"

இருபதாயிரம் பேர் ஒரே குரலில் கத்தினார்கள்: "ராட்கே!"

உன் குடும்பப் பெயர்! பாவம், அவர்களுக்கு வேறு எது தெரியும்? "ஐயோ இல்லை, லிண்டெமான், லிண்டெமான்" என்று நீ கதறியது யார் காதில் விழுந்தது? அந்த அறிவிப்பாளர் வேறு மைக்கைப் பிடுங்கி இன்னும் இரண்டு தடவை "ஹெட்விக்" என்று எடுத்துக்கொடுத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பக்கத்தில் பீரோடு நின்ற ஆள் முழங்கையால் இடித்தார். "என்னம்மா சும்மா நிக்கிறீங்க? கத்துங்க! அந்தம்மா இல்லேன்னா இத்தனை வருஷமும் நனைஞ்சிருப்போம்!"

நாம் பிரிந்ததிலிருந்து முப்பது வருஷமாக அந்தப் பெயரை நான் வாயில் எடுத்ததில்லை. ஆனால் கூரையை வரைந்த நாளில் என் பெயர் அதுதானே. அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன். இப்போது தொண்டை கட்டிக்கிடக்கிறது. சரியானதும் போன் செய்கிறேன்.

ஹெடி