குண்டுமணி புல் தின்னவில்லை

செப்டம்பர் 4

காலையில் குண்டுமணி புல் தின்றது. தண்ணீர் பாதிப் புட்டி. அறை இருபத்து மூன்று டிகிரி.

வெண்பா ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும்போது குண்டுமணி என்ற இந்தச் சின்சில்லாவை என்னிடம் விட்டுப் போனாள். முயலுக்கும் அணிலுக்கும் நடுவான உருவம், அடர்ந்த சாம்பல் ரோமம். மலைக்குளிருக்கு ஏற்ற உயிர், விருத்தாசலத்து வெயில் ஆகாது. "பாத்துக்குவீங்களாப்பா?" என்று மகள் கேட்டபோது முடியாது என்று சொல்ல வரவில்லை. அதனால் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஏசி அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

சமையலுக்கு வரும் நீலாவதி எட்டிப் பார்த்து, "எலிக்கு ஏசி, எனக்கு அடுப்படி வெக்க. நல்லாருக்குது சார் ஒங்க நாயம்" என்றாள்.

செப்டம்பர் 7

பகலெல்லாம் மின்தடை. நண்பர் திருமால் தன் பீங்கான் சூளையிலிருந்து கொடுத்தனுப்பிய பலகையை ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். கூண்டுக்குள் வைத்ததும் குண்டுமணி அந்தக் குளிர்ச்சியில் வயிறு படியப் படுத்துக்கொண்டது.

செப்டம்பர் 12

என் கையிலிருந்து ஓர் உலர்திராட்சை வாங்கிக்கொண்டது! விரலில் அதன் மூச்சு பட்டது. தொட முயலவில்லை. பிடிக்காமல் போய்விட்டால்?

செப்டம்பர் 15

காலை ஒரு திராட்சை, மாலை ஒன்று. வாரத்துக்கு ஒன்றே அதிகம் என்று வெண்பா சொல்லியிருக்கிறாள். தெரியும். ஆனால் வெறுங்கையை நீட்டினால் வருமா — சோதித்துப் பார்க்கத் துணிவில்லை.

செப்டம்பர் 19

இன்று நான்கு.

செப்டம்பர் 23

புல்லைத் தொடவில்லை. புழுக்கை சிறுத்துவிட்டது. திராட்சையைக்கூட முகர்ந்துவிட்டு விலகியது. கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் — சர்க்கரை என்ன செய்யும் என்று தெரியாதா எனக்கு?

"யாருக்காவது குடுத்துடுங்க சார். செத்துகித்துப் போச்சின்னா பாப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் நீலாவதி.

செப்டம்பர் 24

புதுச்சேரியில் டாக்டர் அன்பரசன் இந்த மாதிரிப் பிராணிகளைப் பார்க்கிறார். பெட்டியில் வைப்பதற்காகப் பிடித்தேன். பயந்து துள்ளியது. என் கையோடு ஒரு பிடி ரோமம் கழன்று வந்துவிட்டது. ஐயோ, என்ன பண்ணிட்டேன். கார் போய்ச் சேரும்வரை அந்த ரோமம் என் சட்டைப் பையில் இருந்தது. ஏன் வைத்துக்கொண்டேன் என்று தெரியவில்லை.

"பயந்தா ரோமத்த விட்டுடும் சார், திரும்ப வளந்துடும். வயிறு வேலை செய்யாம நின்னாதான் ஆபத்து" என்றார் டாக்டர். பொடித்த தீவனத்தைத் தண்ணீரில் கரைத்து, சில மணி நேரத்துக்கு ஒருமுறை சிரிஞ்சால் ஊட்ட வேண்டும். திமிறினாலும் விடக்கூடாது.

"என்னைக் கண்டாலே பயப்படுமே?"

"பயப்படட்டும் சார். மொதல்ல உயிரோட இருக்கட்டும்."

செப்டம்பர் 25

துண்டில் சுற்றி மடியில் வைத்து ஊட்டினேன். பல்லை இறுக்கிக்கொண்டது. பாதி என் ஸ்வெட்டரில். "வாயத் தொறடி மவராசி, சாரு எவ்ளோ நேரமா ஒக்காந்திருக்காரு பாரு" என்று நீலாவதி கெஞ்சினாள். திமிறினாலும் விடவில்லை.

செப்டம்பர் 26

என்னைப் பார்த்ததும் மூலைக்கு ஓடுகிறது. ஊட்டினேன்.

செப்டம்பர் 27

ஊட்டினேன்.

செப்டம்பர் 28

புழுக்கை, நல்ல பருமனாக! நீலாவதியைக் கூவி அழைத்துக் காட்டினேன். "இதப் பாக்கவா அடுப்ப அணைச்சிட்டு ஓடியாந்தேன்!" என்றாள். ஆனாலும் குனிந்து பார்த்தாள்.

அக்டோபர் 2

தானாகவே புல் தின்கிறது. இனி சிரிஞ்சு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சத் திராட்சை நீலாவதி வீட்டுப் பாயசத்துக்குப் போயிற்று.

வெண்பா போனில், "கைக்கு வருதாப்பா?" என்றாள். இல்லை என்றேன். குன்னூரில் ஒரு தோழி கேட்கிறாளாம், அங்கே அனுப்பிவிடலாமா என்றாள்.

"வேணாம்மா. இங்கியே இருக்கட்டும்."

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். சரிதானா?

அக்டோபர் 11

கூண்டின் அருகே தரையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். குண்டுமணி புல் தின்ன வந்தது. எப்போதும் என்மேல் ஒரு கண் வைத்துக்கொண்டுதான் தின்னும். இன்று எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தன்பாட்டுக்குத் தின்றது. தாளைத் திருப்பினால் சத்தம் கேட்கும் என்று, படித்த பக்கத்தையே மறுபடியும் படித்தேன்.