பாதி நிரம்பிய பொட்டலங்களை அனுப்ப அனுமதி கோரி

அனுப்புநர்:
நிலநடுக்கமானி பராமரிப்பாளர்,
சுரங்கப்பாதைக்கு மேலுள்ள மலை நிலையம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நில அதிர்வுத் தரவு மையம்.

பொருள்: கண்காணிப்பாளரின் மெமோவுக்கு விளக்கமும், ஒரு விலக்குக் கோரிக்கையும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பாதி காலியான தரவுப் பொட்டலங்களை அனுப்பி ரேடியோ இணைப்பை வீணடித்ததற்கு விளக்கம் தருமாறு மெமோ வந்தது. தருகிறேன். மன்னிப்பை மட்டும் இதில் தேடவேண்டாம் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. எங்கள் கருவி அளவுகளைச் சுருக்கி அடைத்து, பொட்டலம் நிரம்பியதும் மையத்துக்கு அனுப்பும். நிலம் அசையாவிட்டால் அளவுகள் நன்றாகச் சுருங்கும்; பொட்டலம் நிரம்ப நேரமாகும். எங்கள் மலையோ அமைதிக்குப் பேர்போனது. ஆகவே, மகள் கல்யாணத்துக்கே தாமதமாக வந்த என் மாமனாரைப்போல, எங்கள் தரவுதான் கடைசியில் வந்து சேரும்.

3. இப்படி நிரப்பி அனுப்புவதற்குத்தான் மையம் ஆண்டுதோறும் 'நிறைந்த பொட்டலக் கேடயம்' தருகிறது. இரண்டு முறை வாங்கினேன். நானே உட்கார்ந்து அமுக்கி அடைத்ததுபோல் பல்லைக் காட்டி நிற்கும் படம் தங்கள் வரவேற்பறையில் தொங்குகிறது. கழற்றிவிடவும், தொப்பையும் தெரிகிறது.

4. சென்ற மாதம் மலை குலுங்கியது. பெரிய குலுக்கலுக்கு முன் ஒரு மெல்லிய அதிர்வு வரும். அதைக் கண்டுதான் மையம் சுரங்கப்பாதையில் சைரனை ஊதவைக்கிறது. அன்று அந்த மெல்லிய அதிர்வு, நிரம்பாத பொட்டலத்துக்குள் காலை நீட்டிப் படுத்திருந்தது. பெரிய குலுக்கல் வந்து நிரப்பிய பிறகே இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. கீழே பாறை துளைக்கும் என் மைத்துனர் தோளில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். "மாமா, உங்க சைரன் ஊதுறப்ப கல்லு ஏற்கெனவே என் தோள்ல உக்காந்திருந்துச்சு" என்றார். அவருடைய அக்கா, அதாவது என் மனைவி, அன்றிரவு தம்பிக்கு மட்டும் சோறு போட்டார். எங்கள் வீட்டை அறிந்தவர்களுக்கு அதன் கனம் புரியும்.

5. மறுநாளே அமைப்பை மாற்றினேன். நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும், ஒரு விநாடி ஆனதும் பொட்டலம் கிளம்பிவிடும்.

6. கண்காணிப்பாளர் போனில், "எல்லாரும் உங்கள மாதிரி காலி டப்பாவ அனுப்புனா லைன் தாங்குமா?" என்று கேட்டார். தாங்காது. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் முகவரி ஒட்டவேண்டும். குட்டிப் பொட்டலங்கள் பெருகினால் சரக்கைவிட முகவரிதான் அதிகம் போகும், நெரிசலில் எல்லோருமே தாமதமாவோம். அதனால்தான் எல்லோருக்கும் கேட்கவில்லை. காலடியில் ஆட்கள் வேலை செய்யும் நிலையம் என்னுடையது ஒன்றே. மற்றவை ஆற அமர நிரப்பட்டும். அடுத்து, "பொட்டலம் நிரம்பலன்னு ரிப்போர்ட்ல நம்ம மையத்துக்குக் கெட்ட பேருங்க" என்றார். என் மைத்துனர் ரிப்போர்ட்டில் வேலை செய்யவில்லை, சுரங்கத்தில் செய்கிறார்.

7. திங்கட்கிழமை அவர் மீண்டும் உள்ளே இறங்குகிறார். அதற்குள் இந்த ஒரு நிலையத்துக்கு விலக்கு அளித்து எழுத்துமூலம் உத்தரவிட வேண்டுகிறேன். உத்தரவு வந்தாலும் வராவிட்டாலும் பழைய அமைப்புக்கு நான் மாற்றப்போவதில்லை. மாற்ற ஆள் அனுப்புவதானால் தாராளமாக அனுப்பலாம். கருவி இருக்கும் கொட்டகையின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வருபவர் என் மைத்துனரோடு சுரங்கத்தில் ஒரு ஷிப்ட் இருந்துவிட்டு, மேலே வந்து வாங்கிக்கொள்ளட்டும்.

இடம்: மலை நிலையம்
நாள்: வெள்ளிக்கிழமை

இன்றுவரை பணியில் உள்ள,
(ஒப்பம்)
பராமரிப்பாளர்