என் கடையை முதலில் இடித்த அண்ணனுக்கு

பிரியமுள்ள என் அண்ணா,

இருந்தபோது பேசாதவள் போன பிறகு ஊரறியக் கடிதம் எழுதுகிறாளே என்று நாலு பேர் நினைப்பார்கள். நினைக்கட்டும். உங்களைப் பேசியதெல்லாம் ஊர் முன்னால்தான் பேசினேன். இதையும் ஊர் முன்னால் சொல்வதுதான் நியாயம்.

முதலில் நல்ல சேதி. இந்த ஐப்பசி மழைக்கு நம் மூன்றாவது தெருவில் ஒரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் வரவில்லை. மூன்று நாள் விடாமல் பெய்தது. இரண்டாம் நாள் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு என் மாவு மில் வாசலில் நின்று பார்த்தேன். புதுச் சாக்கடை நிறையச் செம்மண் தண்ணீர் சுழித்துக்கொண்டு மெயின்ரோட்டுப் பக்கம் ஓடியது. எதிர்வீட்டு ரோசம்மா ஜன்னலைத் திறந்து, "அம்மிணி, பாத்தயா! சொன்ன பேச்சுக் கேக்கற புள்ளையாட்டப் போகுது!" என்று கத்தினாள். அந்தச் சத்தத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும் அண்ணா.

நம் தெருவின் கதை உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். மேட்டில் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறைகள், பள்ளத்தில் நாங்கள். மேட்டில் பெய்கிற மழையெல்லாம் சாக்கடையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு எங்கள் வீடுகளுக்குள்தான் வரும். ரோசம்மாவின் வீட்டுக்காரர் அந்தோணி, பட்டறையில் வேலை செய்யும்போது லாரி மேலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் முன்னறைக் கட்டிலில் படுத்திருப்பவர். ஒரு வருட மழையில் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து அவரை முதுகில் தூக்கினீர்கள். முழங்கால் தண்ணீரில் நீங்கள் நடக்க, முதுகிலிருந்தபடியே அவர், "கொழந்தவேலு, என்னையக் கீழ போட்டுப்போடாத சாமி, எனக்கு நீச்சல் தெரியாது" என்றார். இருவரும் சிரித்தீர்கள். கரையேற்றி என் மில்லில் உட்கார வைத்த பிறகு நீங்கள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தீர்கள். நான் பார்த்தேன்.

அதற்கடுத்த தேர்தலில் சுயேச்சையாக நின்றீர்கள். வருடக்கணக்காக லாரி ஓட்டிவிட்டு ஓய்வாக உட்கார வேண்டிய வயதில் எதற்கு இது என்று அண்ணி கேட்டாள். "லோடை எறக்காம எந்த டிரைவரு ஊடு திரும்புவான்?" என்றீர்கள்.

கவுன்சிலர் ஆன பிறகு உங்களை வீட்டில் பிடிக்க முடியவில்லை. எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குக் குடிதண்ணீர் என்று எழுதி வால்வு இருக்குமிடத்தில் மாட்டினீர்கள். நேரம் தவறினால் வால்வு திறப்பவரை நீங்களே வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். பள்ளிக்கூட வாசலில் நின்ற லாரிகளை, உங்களோடு ஓட்டிய டிரைவர்களிடமே பேசி அப்புறப்படுத்தினீர்கள். பட்டறையில் வேலை செய்யும் பீகார்ப் பையன்களிடம் குப்பையைத் தரம் பிரித்துப் போடுவது எப்படி என்று இந்தியில் சொல்லிக் கொடுத்தீர்கள். லாரியில் வடக்கே போய்க் கற்ற இந்தி, கடைசியில் குப்பைத் தொட்டிக்குத்தான் உதவியது என்று நான் கேலி செய்தேன். அப்போதெல்லாம் நாம் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு சாக்கடை வேலை வந்தது. ஆறடி அகலத்தில் புதிதாகக் கட்ட வேண்டும், அளந்து பார்த்ததில் பதினோரு வீடுகளின் படியும் சுவரும் சாக்கடை மேல் ஏறி நிற்கின்றன என்றார்கள். அதில் ஒன்று என் மாவு மில். என் வீட்டுக்காரர் செத்த பிறகு, மிளகாய் மிஷின் வைக்க இடமில்லை என்றதும், சாக்கடை மேல் நாலடிக்கு சிலாப் போட்டு முன்பக்கத்தை நீட்டிக் கொடுத்தது நீங்கள்தான். "சாக்கடை மேலதான அம்மிணி, ஆரு கேக்கப் போறா?" என்று நீங்களே சிமெண்ட் குழைத்தீர்கள். அந்த மிஷினை வைத்துத்தான் என் மகளைக் கட்டிக்கொடுத்தேன்.

இடிக்கிற மஞ்சள் வண்டி வந்த அன்று தெருவே கூடியிருந்தது. வண்டியை நேராக என் கடைக்குக் கூட்டி வந்தீர்கள். நான் குறுக்கே நின்றேன்.

"பதனோரு ஊடு இருக்குதுங்ண்ணா. எங்கடைதானா மொதல்ல கண்ணுல பட்டுது?"

நீங்கள் எனக்குப் பதில் சொல்லாமல் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னீர்கள். "இந்த சிலாப்பப் போட்டவனே நாந்தானுங்க. என்ற தப்புல இருந்து ஆரம்பிச்சாத்தான் அடுத்த ஊட்டு வாசப்படில போயி நிக்க எனக்கு மொகமிருக்கும்."

"எனக்கு அண்ணனே இல்லீன்னு நெனச்சுக்கறேன்" என்றேன். அதோடு விடவில்லை. குனிந்து மண்ணை வாரி உங்கள் மேல் எறிந்தேன். வெள்ளைச் சட்டை முழுக்க மண். நீங்கள் தட்டிவிடக்கூட இல்லை. வண்டிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தீர்கள்.

என் கடையின் முன்பக்கம் போன பிறகு மற்ற பத்து வீட்டுக்காரர்களும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்களே கடப்பாரை எடுத்து அவரவர் படியை உடைத்துக்கொண்டார்கள். அது எனக்கு இன்னும் எரிச்சலைத்தான் தந்தது.

இரண்டு வருடம். தூர் வாருவதைப் பார்க்க நீங்கள் தெருவுக்கு வரும்போதெல்லாம் மில் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன். அண்ணி கேழ்வரகு கொண்டு வருவாள், அரைத்துக் கொடுப்பேன். உங்களைப் பற்றி அவளும் பேசமாட்டாள், நானும் கேட்கமாட்டேன்.

உங்களுக்கு நெஞ்சுவலி என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது வந்தேன். கண்ணை மூடிப் படுத்திருந்தீர்கள். "இப்பத்தான் தூங்குனாங்க, எழுப்பட்டுமா?" என்று அண்ணி கேட்டாள். வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. கீழே காம்பவுண்டு ஓரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மாடிப்படி வரை போய்த் திரும்பினேன். மறுநாள் மதியம் போன் வந்தது. நீங்கள் உண்மையிலேயே தூங்கிக்கொண்டுதான் இருந்தீர்களா அண்ணா?

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

மழை விட்ட மறுநாள் நகராட்சி என்ஜினீயர் சாக்கடையைப் பார்வையிட வந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், உங்கள் காலத்தில் வேலையைப் பார்த்தவளேதான். மில்லில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். இடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், "அக்கா, இந்தக் கடையைக் காப்பாத்த வழி இருந்துச்சு. உங்க அண்ணன்தான் வேணாம்னுட்டாரு, தெரியுமில்ல?" என்றாள்.

எனக்குத் தெரியாது. அவளே சொன்னாள். நம் தெரு அந்த இடத்தில் குறுகல்; சாக்கடைக் கோட்டை எதிர்ப்பக்கம் நாலடி நகர்த்தினால் என் கடை தப்பித்திருக்கும். ரோசம்மாவின் முன்னறை போயிருக்கும். அவர்களுக்குப் பட்டாவும் இல்லை, கேள்வி கேட்க ஆளும் இல்லை. அப்படியே போடலாம் என்று இரண்டு மூன்று பேர் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறார்கள். கவுன்சிலரின் தங்கச்சி கடை ஆயிற்றே, உங்களைச் சந்தோஷப்படுத்தத்தான்.

"உங்க அண்ணன் வரைபடத்தைப் பாத்துட்டு, 'ஒரு பக்கம் போனா மிஷினு போகுது. ஒரு பக்கம் போனா மனுசன் படுத்திருக்கற ரூமு போகுது. இதுல யோசிக்க என்னம்மா இருக்குது'ன்னு கேட்டாரு. அப்புறம் போறப்ப, இதை எந்தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதீங்கன்னாரு. ஏன் சார்னு கேட்டேன். 'தெரிஞ்சா ரோசம்மா மேல கோவம் வந்துரும். எதிரெதிர் ஊடு, காலம் பூரா மூஞ்சியப் பாக்கோணும். எம்மேல கோவிச்சுக்கிட்டுப் போகட்டும், நானு அண்ணந்தானே'ன்னாரு."

டீ டம்ளரை வாங்கி வைத்தேன். அவள் போனபிறகு மிஷினைப் போடவில்லை. அரைக்க வந்தவர்களிடம் கரண்ட் இல்லை என்றேன்.

ஏன் என்னிடம் சொல்லவில்லை அண்ணா? நான் அவ்வளவு கெட்டவளா? இந்தக் கேள்வியோடு ஒரு வாரம் சண்டை போட்டேன். கடைசியில் ஒப்புக்கொள்கிறேன்: ரோசம்மா மேல் கோபப்பட்டிருப்பேன். பட்டா இல்லாதவர்களுக்காக என் கடையா என்று கேட்டிருப்பேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்கும். என்னை நீங்கள் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரோசம்மா கோயில் முடிந்து வந்ததும் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தோணியும் கட்டிலில் கேட்டுக்கொண்டிருந்தார். ரோசம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு சொன்னாள்.

"உங்கடைய இடிக்கறப்ப நான் ஜன்னலுக்குப் பொறத்தாண்ட நின்னு, நல்லவேளை எங்கூடு இல்லீன்னு ஜெபம் பண்ணுனேன் அம்மிணி. ரெண்டு வருசமா உன்ற மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம் அது உறுத்திக்கிட்டே கெடக்குது. நீதான் என்னைய மன்னிக்கோணும்."

அவள் என்னிடம் கேட்க, நான் அவளிடம் கேட்க, அந்தோணி கட்டிலில் இருந்து, "ரெண்டு பேரும் முடிச்சுப்போட்டு ஆராச்சும் காப்பி வைங்க" என்றார். அன்று மதியச் சாப்பாடு எனக்கு அங்கேதான்.

இன்னும் ஒரு வேலை பாக்கி கிடக்கிறது, உங்களுக்கே தெரியும். மெயின்ரோட்டுக்கு அடியில் போகும் பாலம் குறுகல். இந்த மழைக்குத் தாங்கியது. இதைவிடப் பெரிய மழைக்குத் தாங்காது என்று என்ஜினீயர் சொல்கிறாள். புதிதாக ஜெயித்து வந்திருக்கும் கவுன்சிலரும் நல்ல பெண்தான், ஆனால் தனியாளாய் அவள் என்ன செய்வாள்? திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கும் நாளில் நானும் ரோசம்மாவும் அவளோடு போகிறோம். அன்று காலை மில் திறப்பதில்லை.

போன வாரம் பாலத்துக்கு ஒப்புதல் வந்தது. சந்தோஷத்தோடு இன்னொன்றும் வந்தது. பாலத்தை அகலப்படுத்தினால் அதன் ஓரத்தில் இருக்கும் மாரப்பனின் டீக்கடை போகும். அவனுக்கும் அது ஒன்றுதான் பிழைப்பு. நீங்களாக இருந்தால் யார் பேரையும் சொல்லாமல் கோபத்தை நீங்களே வாங்கிக்கொண்டு போயிருப்பீர்கள். எனக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. அது சரியான வழி என்றும் முழுதாக நம்ப முடியவில்லை. நீங்கள் சொல்லியிருந்தால், கொஞ்ச நாள் கத்தியிருப்பேன். ஆனால் இரண்டு வருடம் ஆகியிருக்காது. ஆஸ்பத்திரியில் உங்களை எழுப்பியிருப்பேன்.

அதனால் நேற்று மாரப்பனிடம் நானே போனேன். வரைபடத்தை விரித்து, எந்தப் பக்கம் போனால் யாருக்கு என்ன போகும் என்று எல்லாவற்றையும் காட்டினேன். "உங்களுக்கு வந்தாத் தெரியுமுங்க்கா" என்றான். "வந்துதானப்பா தெரிஞ்சுக்கிட்டேன்" என்றேன். அவன் திரும்பிப் பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தான். எனக்கு டீ போடவில்லை.

நாளைக்கும் போவேன். பஸ் நிறுத்தத்துப் பக்கம் அவனுக்கு ஓர் இடம் கேட்டு மனு எழுதி வைத்திருக்கிறேன், அதில் அவன் கையெழுத்து வேண்டும். அவன் திட்டினால் நின்று கேட்பேன், பேசாவிட்டால் மறுநாளும் போவேன். அண்ணா, இது உங்களுக்கு நான் தரும் வாக்கு: பாலமும் அகலமாகும், மாரப்பனுக்கும் ஒரு கூரை கிடைக்கும். அது வரைக்கும், யார் என்னோடு பேசாமல் போனாலும், நான் யாரோடும் பேசாமல் இருக்கமாட்டேன்.

உங்கள் சட்டையில் மண்ணை எறிந்த,
உங்கள் கூடப்பிறந்த தங்கச்சி
சரசு