ஒன்பது தடவை பின்னிய நாற்காலி

நேற்றுக் காலை கூடுவாஞ்சேரியில், எங்கள் எதிர்வீட்டு வாசலில் ஒருவர் பழைய நாற்காலிக்குப் பிரம்பு மாற்றிக்கொண்டிருந்தார். வாளித் தண்ணீரில் பிரம்பு ஊறிக் கிடந்தது. அந்த ஈர வாசனை என் ஜன்னல் வரைக்கும் வந்தது. செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். என்னவென்று கேட்ட என் மனைவியிடம் உன் பெயரைச் சொன்னதும் அவளும் சிரித்துவிட்டாள். நீ போய் இத்தனை வருடம் ஆகியும், உன்னை நினைத்தால் எங்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

எழுபதுகளில் நான் கடப்பாக்கத்தில் பள்ளி ஆசிரியர். நீ பக்கத்து மீனவக் குப்பத்துக்காரன், என் வயதுதான். முப்பது வயதில் உனக்குப் பார்வை மங்கத் தொடங்கி, இரண்டே வருடத்தில் முழுதும் போய்விட்டது. இனித் திரும்பாது என்று செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் சொன்ன அன்று, வீடு திரும்பும் பஸ்ஸில் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய்: "இனிமே எனுக்குப் பங்கு உண்டா வாத்தியாரே?"

எனக்கு அப்போது அது சரியாக விளங்கவில்லை. பிறகு கரையில் நின்று பார்த்துத் தெரிந்துகொண்டேன். கரைக்கு வந்த மீனைக் கூறு போட்டு, உழைத்தவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். அது பங்கு. உன்னையும் யாரும் பட்டினி போடவில்லை. எல்லோருக்கும் கொடுத்து முடித்தபின், நாலு மீனைக் கொண்டுவந்து உன் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் உன் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. உன் மனைவி அதைக் குழம்பு வைப்பாள். நீ வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவாய்.

கண் தெரியாதவர்களுக்குத் தொழில் பழக்க அரசாங்கம் பணம் தருகிறது என்று கேள்விப்பட்டதும், ஓடிப்போய் விண்ணப்பத் தாள் வாங்கி வந்தவன் நான். அதில் தொழில்களின் பட்டியல் இருந்தது. முதலாவது, நாற்காலி பின்னுதல். அதற்கு நேராகக் குறி போட்டேன். அக்கம்பக்கக் குப்பங்களில் உன்னைப் போலவே பார்வை இழந்த மூன்று பேரையும் சேர்த்து, நால்வரிடமும் கைநாட்டு வாங்கி அனுப்பிவிட்டேன். பணம் வந்தது, பிரம்பு வந்தது. மதுராந்தகத்திலிருந்து பிரம்பு வேலை சொல்லித்தர ஒருவரும் பஸ்ஸில் வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

முதல் நாளே நீ கேட்டாய்: "நம்ம பக்கத்துல எத்தினி பிரம்பு சேரு கீது வாத்தியாரே?"

"பள்ளிக்கூடத்துல ஒண்ணு இருக்கு."

"சரி, அத்த நாங்க பின்னிட்டோம்னு வெச்சிக்க. அப்பால இன்னா வேல? உக்காந்து கிழிச்சிவுடறதா?"

குப்பம் முழுவதும் மணலில் உட்கார்கிற ஜனங்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. இருந்த ஒன்றும் தலைமை ஆசிரியருடையது. நீங்கள் பின்னி முடிப்பீர்கள், பிரம்புக்காரர் தடவிப் பார்த்துவிட்டுப் பிரிக்கச் சொல்வார், மறுபடி முதலிலிருந்து பின்னுவீர்கள். அந்த ஆறு மாதமும் தலைமை ஆசிரியர் முக்காலியில்தான் உட்கார்ந்தார். என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என் சிம்மாசனம் எப்ப சார் வரும்?" என்பார்.

மேலும் ஆறு மாதத்துக்குப் பணம் தரலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வந்தார். அவர் வேண்டாம் என்று எழுதிவிட்டால் நீங்கள் நால்வரும் பழையபடி வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். அதனால் நல்லபடியாக நாலு வார்த்தை பேசும்படி உன்னிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தேன். "பேசறேன், பேஜாரு பண்ணாத" என்றாய்.

அதிகாரி பின்னலைத் தட்டிப் பார்த்தார். "அருமையா இருக்கே. இதுவரைக்கும் எத்தனை பின்னியிருக்கீங்க?"

"ஒம்பது சார்."

"ஒன்பது நாற்காலியா?"

"ஒம்பது தபா சார். சேரு இது ஒண்ணுதான்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அதிகாரி என்னைப் பார்த்தார். அப்புறம் உன் பக்கம் திரும்பி, "அப்ப உங்களுக்கு எந்தத் தொழில்தான் வேணும்?" என்று கேட்டார். ஆறு மாதத்தில் அந்தக் கேள்வியை உன்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்.

"வல சார். நூலு வல எனுக்கு அத்துப்படி. இப்ப நைலான் வந்துட்ச்சி. அதுல முடிச்சு வழுக்கிகினு போவுது. முடிச்சு அவுந்தா மீனு பூடும். அதான் எங்கையில எவனும் வல குடுக்க மாட்றான். அந்த முடிச்சு போடத் தெரிஞ்சவரு எங்க குப்பத்துலயே கீறாரு. அவருக்குக் கூலி குடுங்க, எங்களுக்கு நைலான் குடுங்க. போதும்."

மற்ற மூவரும் தலையாட்டினார்கள்.

"பட்டியல்ல வலை இல்லையே சார்" என்றேன். அதிகாரி என் விண்ணப்பத்தைப் பையிலிருந்து எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் ஒரு வரி இருந்தது: 'உள்ளூருக்கு ஏற்ற வேறு தொழில் எனில் விவரம் எழுதுக.' கீழே மூன்று கோடுகள், காலியாக.

"திருப்பிப் பார்க்கலையா சார்?"

கேள்வித்தாளைக் கடைசி வரைக்கும் படியுங்கள் என்று வருடம் முழுக்கப் பிள்ளைகளிடம் தொண்டை வறளச் சொல்கிறவன் நான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "வுடுங்க சார். வாத்தியாருக்குக் கண்ணு ரெண்டும் நல்லாத்தான் கீது, இன்னா பண்றது" என்றாய். அதிகாரியும் சிரித்துவிட்டார். அந்த மூன்று கோடுகளிலும் நீ சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

அடுத்த தவணையில் நைலான் வந்தது. வலை கட்டத் தெரிந்தவர் உன் கையைப் பிடித்து இரட்டை முடிச்சு சொல்லித் தந்தார். கண்ணால் பார்த்து முடிச்சுப் போட்டவர்கள் கவனியாமல் விட்ட தளர்ந்த முடிச்சைக்கூட உன் விரல் கண்டுபிடித்தது. ஆனாலும் உன்னை நம்பி யாரும் வலை தரவில்லை. கடைசியில் உன் மச்சான்தான் ஒன்றைக் கொண்டுவந்து போட்டான். "கிழிசல் வலதான். போனாப் போவுது" என்றான். நீ சரிசெய்த அந்த வலை கடலுக்குப் போய், ஒரு முடிச்சும் அவிழாமல் மீனோடு திரும்பியது.

அன்று நானும் கரையில் உன் பக்கத்தில் நின்றேன். மச்சான் கூறு போட்டு ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தான். உன் பெயரும் வந்தது. நீ அசையவில்லை. காதில் விழவில்லையோ என்று தோளைத் தொட்டேன்.

"கேட்டுச்சி வாத்தியாரே. இன்னொரு தபா கூப்புடட்டும்."

அவன் இன்னொரு முறை கூப்பிட்டான். போனாய். குனிந்து மீனை ஒவ்வொன்றாகத் தடவினாய். "இன்னாடா இது, அல்லாம் பொடிசா கீது? பெருசெல்லாம் எவன் வூட்டுக்குப் போவுது?" என்று ஆரம்பித்தாய். அவனும் சும்மா விடவில்லை. "வலய கட்டிட்டு கரையில குந்திகினு இருந்த. கடலுக்குப் போனவனுக்குச் சமமா கேக்கிறியா?" என்றான். அரை மணி நேரம் சண்டை. வாசலில் வைத்துவிட்டுப் போன மீனுக்காக நீ ஒருநாளும் சண்டை போட்டதில்லை, போடவும் முடியாது. அன்று அவன் இரக்கப்பட்டு ஒரு மீனைக்கூடக் கூடுதலாகப் போடவில்லை. நீ அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அதன் பிறகு உன் கை தளரும் வரைக்கும் பெயர் சொல்லித்தான் பங்கு வாங்கினாய்.

இப்போது மாற்றுத்திறனாளிகள் என்று மரியாதையாகச் சொல்கிறோம். பயிற்சி, கடன், வேலை என்று திட்டங்களும் கூடியிருக்கின்றன. விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் சிலர் வருகிறார்கள். போன மாதம், ஊன்றுகோலோடு ஒரு பெண் வந்தாள். கூட வந்த அண்ணன், "தையல்னு போட்டுடுங்க சார்" என்றான். நான் அவளைக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "செல்போன் ரிப்பேர்" என்றாள். அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். அவனுக்கே அது புதிது.

பலர் இப்படித்தான், கேட்டதும் பதில் சொல்வதில்லை. அதுவரை அவர்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு, பேனாவை மூடி வைத்துக்கொண்டு நான் காத்திருக்கிறேன்.