டர்போ கேட்ட ஒரு நிமிடம்

இன்று காலை தண்ணீர் பிடிக்கப் போனேன். குழாயடியில் அந்த எவர்சில்வர் தட்டு கிடந்தது. வண்டியின் முன்சீட்டுக்கு அடியில் இருக்க வேண்டிய தட்டு. நம் ஸ்டெல்லா வண்டி கழுவும்போது வெளியே எடுத்து வைத்தவள், திரும்பப் போட மறந்துவிட்டாள். எடுத்து முகர்ந்து பார்த்தேன். எத்தனை முறை விளக்கினாலும் அந்தக் கருகிய ஆயில் வாசம் போகவில்லை. இல்லை, என் மூக்கைவிட்டுத்தான் போகவில்லையோ என்னவோ. இன்று அமாவாசை. உங்கள் மகள் மேல்மலையனூருக்கு ஆளேற்றிக்கொண்டு போயிருக்கிறாள், தட்டு இல்லாமல். எனக்கு மறுபடியும் பயம். உங்களிடம் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை.

நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது நம் டீசல் கார்? மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். ஏழு பேரை ஏற்றிக்கொண்டு திருவண்ணாமலை ரோட்டில் மேடு ஏறினால், பக்கத்தில் மலை நகர்வதே தெரியாது. ஒருமுறை உங்கள் அக்கா பின்சீட்டிலிருந்து, "தம்பி, சைக்கிள்காரன் டாட்டா காட்டிட்டுப் போறான் பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். ஆனால் அன்றைக்கே உங்கள் மனதில் அது விழுந்துவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதமே சென்னைக்குப் போய், ஏதோ பழைய வண்டியிலிருந்து கழற்றிய டர்போவை வாங்கி வந்தீர்கள். நத்தை ஓடு மாதிரி இருந்தது. அனந்தபுரம் ரோட்டில் இருக்கும் மெக்கானிக் தம்பி அதற்காகக் குழாய்களை வளைத்து, ஆயில் போக ஒரு லைன், வர ஒரு லைன் என்று பொருத்தினார். "வெளிய போற பொகையே உள்ள காத்தாடிய சுத்துது. அது காத்த அமுக்கி இஞ்சினுக்குள்ள அனுப்புது. இனிமே நம்ம வண்டி நெஞ்சு நெறைய மூச்சு வுடும்டி" என்றீர்கள். பழைய இன்ஜின் தாங்குமா, எங்கேயாவது வெடித்துவிடுமா, நடு ரோட்டில் நின்றுவிடுமா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். "உனக்கு வேற வேலையே இல்ல" என்பதுதான் பதில்.

மெக்கானிக் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அண்ணா, வெரட்டி ஓட்டினு வந்த ஒடனே ஆஃப் பண்ணாத. ஒரு நிமிஷம் சும்மா ஓடவுடு. உள்ள சூடா சுத்திக்கினு இருக்கும், ஆயில் நின்னுட்டா அங்கயே கருகிடும்." நீங்கள் தலையாட்டினீர்கள். வீட்டு வாசலில் அந்த ஒரு நிமிடம் கொடுக்கவும் செய்தீர்கள். ஆனால் அமாவாசை சவாரியில் யார் விட்டார்கள்? அம்மன் கோயில் வளைவுக்குப் பக்கத்தில் வண்டி நின்றதுமே எல்லாரும் இறங்கி வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொள்வார்கள். "வண்டிய ஆஃப் பண்ணுப்பா, கற்பூரம் ஏத்தணும்!" நம் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கினாலும் நீங்கள் அவர்கள் சாமியை ஒரு நாளும் காக்கவைத்ததில்லை. உடனே சாவியைத் திருப்பிவிடுவீர்கள். அமாவாசைக்கு அமாவாசை அப்படியே நடந்தது.

அந்த ஒரு அமாவாசைக்கு நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன். காரணம் பயம்தான், வேறென்ன. இரண்டு நாளாகப் பின்னால் நீலமாகப் புகை வந்துகொண்டிருந்தது. வளைவில் நிறுத்தினீர்கள். ஆட்கள் வழக்கம்போல் முன்னால் போய் நின்றார்கள். சாவியைத் திருப்பி வெளியே எடுத்தீர்கள். இன்ஜின் நிற்கவில்லை! சாவி உங்கள் கையில், இன்ஜினோ யாரோ ஏறி மிதிப்பது போல் அலறுகிறது. டர்போவின் அச்சு தேய்ந்து, கசிந்த ஆயில் காற்றோடு உள்ளே போய், டீசலே இல்லாமல் அதை எரித்து ஓடுகிறது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கியரில் போட்டு பிரேக்கை அழுத்தி நிறுத்தலாம். ஆனால் முன்னால் அத்தனை பேர், குழந்தைகள்.

பானெட்டைத் திறந்து காற்றுக் குழாயைப் பிடுங்கினீர்கள். "மூடறதுக்கு எதனா குடு!" நான் முந்தானையை நீட்டினேன். "துணி வேணாம், உள்ள இழுத்துக்கும்!" பக்கத்தில் ஒரு அம்மா தேங்காய் பழத்தட்டோடு திகைத்து நின்றிருந்தார். தட்டைப் பிடுங்கினேன். தேங்காயும் எலுமிச்சையும் ரோட்டில் உருண்டன. நீங்கள் அதைக் குழாய் வாயில் வைத்து அழுத்தினீர்கள், பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. காற்று கிடைக்காமல் வண்டி ஒரு உதறு உதறிவிட்டு நின்றது.

அந்த அம்மா திட்டவில்லை. "தட்ட நீயே வச்சிக்கோம்மா. ஆத்தா இதுக்குத்தான் என் கையில குடுத்து அனுப்பிச்சிருக்கா." அப்போதும் உங்களுக்குக் கிண்டல்தான். "பொழுதன்னிக்கும் பயப்படுவ, தட்ட புடுங்க மட்டும் பயமே வரல இல்ல?"

டர்போவைக் கழற்றி எறியுங்கள் என்று அழுது பார்த்தேன். நீங்கள் அதைச் சரிசெய்து மறுபடியும் மாட்டினீர்கள். அதற்குப் பிறகு யார் கத்தினாலும் அந்த ஒரு நிமிடத்தை விட்டதில்லை. போன மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்களே, அன்று மட்டும் எனக்கு ஒரு நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

மதியம் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஸ்டெல்லாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. பொழுது சாயும் நேரத்தில் தெருமுனையில் டர்போவின் அந்த மெல்லிய விசில் சத்தம் கேட்டது. தட்டோடு வாசலுக்கு ஓடினேன். வண்டி வந்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. அவள் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகுதான் நிறுத்தினாள்.

"இன்னாம்மா, தட்டோட நிக்கற?"

"கோயில்கிட்டயும் இப்டி ஓடவுட்டியா?"

"கற்பூரத்த வச்சிக்கினு கத்துனாங்க. செத்த இருங்கன்னுட்டேன்."

"நைனா சொல்லிக் குடுத்தாரா?"

"அவரு எங்க சொன்னாரு? நாம எங்கனா போய் வந்தா, நீதான் வண்டி நின்னாலும் எறங்க மாட்ட. மூச்ச புடிச்சிக்கினு உக்காந்திருப்ப. நீ மூச்சு வுட்டப்புறம்தான் நைனா சாவிய திருப்புவாரு. பின்னால உக்காந்து பாத்துக்கினே இருப்பேன். இப்பவும் அத நெனச்சிக்கினுதான் ஆஃப் பண்றேன்."

என் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினீர்களா? ஒரு நாளாவது சொல்லியிருக்கக் கூடாதா? கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே. பயத்தை விட்டுவிடு, உடம்புக்கு ஆகாது என்று நம் மாதா கோயில் சாமியார் முதல் எல்லாரும் சொல்கிறார்கள். நான் விடப்போவதில்லை. அது இப்போது ஸ்டெல்லாவுக்கு வேண்டியிருக்கிறது.

தட்டை முன்சீட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன்.