ரம்பத்துக்கு ஊற்றிய சாராயம்

அன்புள்ள தொவாதெர் அண்ணாவுக்கு,

கட்டடச் சாரத்திலிருந்து இறங்கி, களைத்துப்போய் உட்காரும் நேரத்தில் இவ்வளவு நீளக் கடிதம் எழுதித் தொல்லை கொடுப்பதற்கு மன்னித்துக்கொள். போனில் எனக்கு "ம்", "சரி", "நல்லாயிருக்கேன்" தவிர எதுவும் வராது. மேலும் இது பக்கத்தில் ஆள் இருக்கும்போது சொல்லக்கூடிய விஷயமும் இல்லை.

இத்தாலியில், உன் தொரீனோவில் மழை விட்டதா? இங்கே பனி உருகி, முற்றமெல்லாம் சேறு. செவலைப் பசு கடாரிக் கன்று போட்டிருக்கிறது. நம் ரஃபிலா அக்கா நேற்று அத்தான் வீட்டிலிருந்து வந்து சீம்பால் வாங்கிப் போனாள்.

அப்பாவின் கையில் சின்னக் கீறல் என்று கவ்ரிலா அத்தான் உன்னிடம் சொன்னாராம். கீறல் இல்லை அண்ணா. முழங்கைக்குக் கீழே சதை பிளந்து, தசைநார் அறுந்து, நகர மருத்துவமனையில் தைத்து அனுப்பினார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கவில்லை. இடது கையால் சூப் குடிக்கிறார். சட்டையில் சிந்தினால், நாங்கள் பார்த்தோமா என்று பார்க்கிறார். நாங்கள் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

உன் மரமறுக்கும் எஞ்சின் ரம்பத்தின் பிளேடு தானாக அறுந்தது என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். அது தானாக அறுந்ததில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

இலையுதிர் காலத்தில் நீ மரங்களை அறுத்து முடித்துவிட்டுக் கிளம்பும்போது, "அத்தான், குளிருக்கு முன்னாடி ரம்பத்தைச் சுத்தம் பண்ணி மூடி வெச்சிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் பார்த்துக்கொள்கிறேனே என்றேன். "நீ காட்டிலாகாவுல மரத்துக்கு நம்பர் போடு தாயி, அறுக்கிறதை ஆம்பளைங்க பாத்துக்கட்டும்" என்று சிரித்தாய். பிராஷோவில் நான் வனவியல் படித்தபோது இந்த மாதிரி ரம்பத்தைப் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொடுத்தார்கள் என்று அப்போதே சொல்லியிருப்பேன். நீ பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தாய்.

அத்தான் செய்தது தார்ப்பாயை இழுத்துப் போட்டது மட்டும்தான். பிளேடைத் தளர்த்தவில்லை. விறைத்த கம்பி மாதிரி குளிர்காலம் முழுக்க அப்படியே கிடந்தது. பிளேடு சுற்றி ஓடும் சக்கரங்களில் ஈர மரத்தூள் கல்லாக உறைந்திருந்தது. பிளேடில் மரப்பிசின் படிந்து படிந்து கறுத்திருந்தது. நான் ஒருநாள் பிடியைத் திருகித் தளர்த்தப் போனேன். "அதைத் தொடாத, அளவு மாறிப்போயிடும்" என்று விரட்டிவிட்டார்.

பிளேடைக் குளிரவைக்கும் தண்ணீர்த் தொட்டியின் கதை இதைவிட மோசம். உறைந்துவிடக் கூடாதென்று நீ கடைசியாக வடிந்த பிளம் சாராயத்தை அதில் ஊற்றி வைத்தாய். அதோடு விட்டாயா? "என் ரம்பம் குடிக்கிறதை உங்கள்ல பாதிப் பேர் குடிச்சதில்லை" என்று சாராயக் கடையில் பெருமை வேறு பேசினாய். கிறிஸ்துமஸுக்கு முன் வரும் இக்னாத் நாளன்று பன்றி அறுக்க வந்தவர்களிடம் அத்தான் அதை ஞாபகப்படுத்தினார். "இரும்புக்கு என்னடா குளிரு? குளிரு நமக்குத்தான்!" என்று தொட்டியின் குழாயைத் திறந்து கோப்பை கோப்பையாகப் பிடித்துக் கொடுத்தார். "டீசல் வாசம் வருதே" என்றான் ஒருவன். "உன் பொண்டாட்டி காய்ச்சினதைவிடத் தேவலாம், குடி" என்றான் இன்னொருவன். காலியானதும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி நிரப்பினார், உனக்குத் தெரியக் கூடாதென்று.

தண்ணீர் உறைந்தால் குழாய் வெடிக்கும் அத்தான் என்று நான் சொன்னேன். வறுத்த கறித் தட்டோடு அத்தனை பேர் நடுவில் நின்று சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றினார். "எஞ்சினியரம்மா பேசுறாங்க, எல்லாரும் எந்திரிங்கடா!" என்றார். எல்லோரும் எழுந்து நின்று சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார்.

குழாய் வெடித்தது. போன மாதம் வெயில் எட்டிப்பார்த்ததும், அத்தான் தன் வீட்டுக் கோடைச் சமையலறைக்குப் பலகை வேண்டுமென்று ரம்பத்தை ஓட்டினார். பிளேடுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. தூள் அடைக்கிறது என்று சக்கரத்தின் மூடியையும் கழற்றி வைத்துவிட்டார். அப்பா அந்தப் பக்கம் நின்று பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தார். காய்ந்த பிளேடு சூடேறி அறுந்து, மூடியில்லாத பக்கமாக வெளியே பாய்ந்தது. இனி நான் எழுத வேண்டாம்.

"மாப்பிள்ளையைக் குத்தம் சொல்லாத. இரும்புன்னா உடையத்தான் செய்யும்" என்கிறார் அப்பா. ரஃபிலா அக்கா கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அவளைப் பார்த்துத்தான் நான் அன்று கத்தாமல் இருந்தேன். அவள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டியவள்.

ஆனால் என் கோபம் ஆறவில்லை அண்ணா. உன் மேலும்தான். சாராயத்தை ஊற்றியதற்காக இல்லை. யாரிடம் ஒப்படைக்கிறோம் என்று பார்க்காமல், மீசை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தாயே, அதற்காக.

போன ஞாயிறு எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்தபோது நான் ரம்பத்தைத் திறந்தேன். மரத்தூளைச் சுரண்டி எடுத்தேன். சக்கரங்களில் ஒட்டியிருந்த பிசினை டீசல் துணியால் துடைத்தேன். ரம்பம் நகரும் தண்டவாளத்தைத் தேய்த்து எண்ணெய் போட்டேன். பேரிங்குகளுக்குக் கிரீஸ் அடித்தேன். தொட்டிக்குப் புதுக் குழாய் மாட்டினேன். மூடியைப் பூட்டினேன். எஞ்சினைக் கிளப்பும் பாட்டரியைக் கழற்றி, யாருக்கும் தெரியாமல் வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். நகத்தில் ஏறிய பிசின் இன்னும் போகவில்லை. அலுவலகத்தில் கையை மேசைக்கடியில் வைத்துக்கொள்கிறேன்.

அத்தான் புதுப் பிளேடு வாங்கி வந்துவிட்டார். மண் காய்ந்ததும் மிச்சப் பலகையையும் அறுத்துவிடலாம் என்கிறார். பாட்டரியைக் காணோமே என்று தேடிக்கொண்டிருக்கிறார். அவர் கூப்பிட்டால் அப்பா போவார். மடங்காத கையோடு போய் அதே இடத்தில் நிற்பார். மாப்பிள்ளை கூப்பிட்டு மாமனார் வரமாட்டேன் என்று சொன்னதாக இந்த ஊரில் பேச்சு வரக் கூடாதாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். உயரத்தில் ஏறும்போது இடுப்பு வாரை மறக்காதே. கடவுள் உன்னைக் கை கால் சுகத்தோடு வைத்திருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். ரம்பம் உன்னுடையது. இனி அதை ஓட்டுவது இலிங்காதான், அவள் நிற்கச் சொல்லும் இடத்தில்தான் மற்றவர்கள் நிற்க வேண்டும் என்று அத்தானிடம் நீ உன் வாயால் சொல். விளையாட்டாகச் சொல்லாதே. அப்பா காதிலும் விழுகிற மாதிரி சொல்.

உன் தங்கை,
இலிங்கா