பெட்டிக்குள் பூட்டிய பாங்கு

நெல்பேட்டை, மதுரை.

அன்பு மகள் சுஃபியாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் மாப்பிள்ளை ஆசிப்பையும் அந்த ஊர்க் குளிர் தீண்டாமல் அல்லாஹ் வைத்திருப்பான் என்று நம்புகிறேன். இங்கே நானும் அத்தாவும் உன் தம்பி ஆரிப்பும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், மாசமாக இருக்கிறவளை அழவைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

பிள்ளை பிறந்ததும் அதன் காதில் நன்னாவாகிற உன் அத்தாதான் பாங்கு சொல்லணும் என்று கல்யாணத்தன்றே சொன்னவள் நீ. வாதம் வந்து வாய் கோணியதிலிருந்து அத்தா பேச முயற்சி செய்வதே இல்லை. டாக்டர் பேசிப் பழகச் சொல்கிறார், இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் டிவி ஞாபகம் வந்தது. போன நோன்பில் டிவிக்காரர்கள் நம் பள்ளிவாசலுக்கு வந்து அத்தா தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்வதை எடுத்துப் போட்டார்களே, அதை ஆரிப் டிஷ் பெட்டியில் பதிந்து வைத்திருந்தான். அதையே பிள்ளை காதில் வைக்கலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். பதிஞ்சு வச்சது பாங்கு ஆகாதும்மா, மாப்ள தன் வாயால சொல்லட்டும், பெறகு நன்னா குரலைக் கேக்க வைங்க என்றார். அதுவாவது கிடைக்கட்டும் என்று இறங்கினால், அது வரமாட்டேன் என்கிறது.

அந்தப் பெட்டி இப்போது சூடேறித் தானாக அணைந்துபோகிறது. புதுப் பெட்டி தருகிறோம், ஆனால் பழையதில் பதிந்தது புதியதில் ஓடாது என்கிறது கம்பெனி. ஆரிப் அந்த ஹார்டு டிஸ்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் செருகினான். ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்டது. தூசி தட்டுகிற மாதிரி ஏதோ என்று நினைத்து, சரி என்று அழுத்தப் போனான். நல்லவேளை, அவன் சிநேகிதன் சிவக்குமார் பக்கத்தில் இருந்தான், டேய் மாப்ள அம்புட்டும் அழிஞ்சிரும்டா என்று கையைப் பிடித்துக்கொண்டான். காளவாசலில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பிள்ளை அவன். டிஸ்கைப் பெட்டியிலேயே திரும்ப மாட்டி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வேறொரு வயர் போட்டுப் பார்த்தான். டிவியில் அத்தா தெரிகிறார், கம்ப்யூட்டரில் ஒரே கறுப்பு. திருட்டுக் காப்பி எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி போட்ட பூட்டும்மா, நம்மாள தொறக்க முடியாது என்றான். என் வீட்டு மனுஷர் குரலை நான் எடுப்பது திருட்டா, நீயே சொல்.

கடைசியில் டிவிக்கு எதிரே செல்போனைப் பிடித்தே எடுத்துவிடலாம் என்று ஆரிப் நின்றான். பாங்கு ஆரம்பித்தது. பின்னாலிருந்து ஏதோ முனகல். திரும்பிப் பார்த்தால் உன் அத்தா! பேசாம இருங்கத்தா, சத்தம் விழுந்துரும் என்று இவன் கத்தினான், நான் இவன் முதுகில் ஒன்று வைத்தேன். பாதியில் பெட்டி அணைந்துவிட்டது. எல்லாம் போச்சே என்று நான் தலையில் கை வைத்தேன். அத்தா நிறுத்தவில்லை சுஃபியா. எழுத்தெல்லாம் குழறுகிறது, எச்சில் வழிகிறது, ஆனாலும் மிச்சப் பாங்கைக் கடைசி வரை சொல்லி முடித்தார். அதன் பிறகு பெட்டி உயிர் பெறவே இல்லை. அத்தாவோ ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் தானாகச் சொல்லிப் பார்க்கிறார்.

சாப்பாட்டில் குறை வைக்காதே, தனியாக மாடிப்படி இறங்காதே, எனக்கு உன் நினைப்பாகவே இருக்கிறது. பிள்ளை நல்லபடியாகப் பிறக்க இரண்டு பேரும் துஆ செய்கிறோம். மறந்துவிடாதே, மாப்பிள்ளை பாங்கு சொல்லி முடித்ததும், எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிட்டுப் போனைப் பிள்ளையின் வலது காதில் வை. அத்தா சொல்வார். எவ்வளவு நேரமானாலும் காதிலிருந்து எடுத்துவிடாதே.

உன் அம்மா,
ஜெயினம்பு